பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு காவிரிப் பயணம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால், வேலியை ஒட்டி, ஒரு பெட்டி வண்டி நிற்கிறது. இரண்டு சக்கரம், தகரக் கூரை, இரண்டு ஜன்னல், பின்பக்கம் ஒரு கதவு, முன்பக்கம் ஜீப்பில் மாட்டி இழுக்க ஒரு கொக்கி. பேரப்பிள்ளைகள் அதைக் கேம்பர் என்கிறார்கள். தெருக்காரர்கள் கோழி வண்டி என்கிறார்கள். நானும் என் மனைவியும் வெறுமனே வண்டி என்போம், உலகத்தில் வேறு வண்டியே இல்லாத மாதிரி.

அதை இழுத்த ஜீப்பை விற்றாகிவிட்டது. இருந்தாலும் மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெட்டி வண்டியின் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறேன். ஆறு செல், ஆறு மூடி. ஒவ்வொரு மூடியையும் திருகித் திறக்கும்போது புளித்த மாதிரி ஒரு நெடி வரும். மற்றவர்களுக்கு எந்தெந்த வாசனையிலோ பழசெல்லாம் ஞாபகம் வருகிறது. எனக்குப் பேட்டரித் தண்ணீர். மூன்றாவது மூடியைத் திறப்பதற்குள் ஆற்று மணலும், ஸ்டவ்வில் கொதிக்கும் காப்பியும், பிரிட்ஜின் உர்ரென்ற சத்தமும், "ஏனுங்க, எத்தனை வோல்ட் இருக்குது?" என்று உள்ளேயிருந்து அவள் கேட்பதும் வந்துவிடும்.

திருச்செங்கோட்டில் ஒரு ரிக் கம்பெனியில் ஸ்டோர் பார்த்தவன் நான். ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகள் இங்கேயிருந்து மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். போகும்போது பைப்பையும் பாறையைத் துளைக்கும் பிட்டையும் நட்டையும் எண்ணிக் கொடுப்பதும், வரும்போது எண்ணி வாங்குவதும் என் வேலை. எதையும் எண்ணுகிற வியாதி அங்கே பிடித்தது. தட்டில் விழும் இட்லியை எண்ணுகிறேன் என்று என் மனைவி சொல்வாள். பொய்யில்லை. லாரிகள் பாதி இந்தியாவைச் சுற்றின. அனுப்பி வைத்த நான் ஸ்டோரைத் தாண்டவில்லை. அவள் ஈரோட்டு ஜவுளிச் சந்தையைத் தாண்டவில்லை.

நான் ஓய்வு பெறும் சமயத்தில் கம்பெனி பழைய சாமான்களைக் கழித்தது. ரிக் ஆட்கள் வெளியூரில் படுத்துச் சமைத்துச் சாப்பிட்ட இந்தப் பெட்டி வண்டியும் அதில் ஒன்று. நான் வாங்கிக்கொண்டேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் விட்டு, இரண்டு படுக்கை, ஒரு ஸ்டவ், ஒரு ஃபேன், நான்கு விளக்கு, பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் ஒரு சின்ன பிரிட்ஜ் என்று அமைத்தோம். பிரிட்ஜ் எதற்கு என்றால் இன்சுலினுக்கு. அவளுக்குச் சர்க்கரை. நம் ஊர் வெயிலில் இன்சுலினை வெளியே வைத்துக்கொண்டு நாள்கணக்கில் சுற்ற முடியாது.

முதலில் போனது மோகனூர். வெறும் ஆற்றங்கரை, அரை நாள் தூரம்கூட இல்லை. ஆனாலும் அவள் ஊரையே காலி செய்துகொண்டு போகிற மாதிரி மூட்டை கட்டினாள். வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது ஒரு லாரி டிரைவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முட்டை இன்றைக்கு என்ன விலை என்று கேட்டார். முட்டை இல்லை, நாங்கள் படுத்துக்கொள்கிற வண்டி என்றேன். அவர் என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"ஊடு இருக்குதுங்களா, இல்லீங்களா?" என்றார்.

"இருக்குதுங்க. அதைப் பூட்டிப்போட்டுத்தான் வாரோம்" என்றாள் அவள்.

அந்தப் பதிலை அவள் அதற்குப் பிறகு எத்தனையோ டீக்கடைகளில் சொல்லியிருக்கிறாள். மேட்டூரில், ஆத்தூர் ரோட்டில், கொல்லிமலை அடிவாரத்தில். போன இடமெல்லாம் வண்டியைச் சுற்றிப் பத்துப் பேர் கூடுவார்கள். அவள் கதவைத் திறந்துவிட்டுப் படுக்கையைக் காட்டுவாள், ஸ்டவ்வைக் காட்டுவாள், கடைசியாக பிரிட்ஜைத் திறந்து காட்டுவாள். உள்ளே இன்சுலின் பெட்டி, ஒரு தூக்குப்போசி மோர், இரண்டு எலுமிச்சம்பழம். அதைப் பார்த்ததும் பெண்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பெருமை.

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. ஆடிப்பெருக்கன்று மேட்டூரிலோ மோகனூரிலோ மஞ்சள் குங்குமம் போட்டுக் கும்பிட்டு அனுப்புகிறோமே, அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது, அந்த இடத்தை ஒருதரம் பார்க்க வேண்டும். "பூம்புகார்ல கடல்ல சேருதாமுங்க" என்று யாரோ சொல்லக் கேட்டதைச் சொல்வாள். காவிரியை விடாமல் கரையோடு போனால் போக ஐந்து நாள், வர இரண்டு நாள் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அடுத்த வருடம் பார்க்கலாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தள்ளியும் வந்தேன். ஒரு புரட்டாசியில் சேலத்தில் கண் டாக்டர், சர்க்கரை அவளுடைய விழித்திரையைக் கெடுத்துவிட்டது என்று சொன்னார். லேசர் வைத்தார்கள். இருக்கிற பார்வை எவ்வளவு நாளுக்கு இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சங்ககிரி தாண்டியதும் கேட்டாள்.

"தண்ணி இருக்கறப்பவே போயிரலாங்களா?"

தை மாதம் பாதியிலேயே மேட்டூர் அணையை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆற்றில் மணல்தான். அவள் கேட்டது அணைத் தண்ணீரை மட்டும் வைத்து அல்ல என்பது எனக்குத் தெரியும். அணை மூடுவதற்குள் போவது என்று முடிவு செய்தோம்.

அந்த வருடம்தான் வண்டியில் கரண்ட் கோளாறு ஆரம்பித்தது.

பெரிய பயணத்துக்கு முன்னால் ஒத்திகை பார்ப்போம் என்று தீபாவளி கழிந்து வாழப்பாடிக்கு அப்பால் ஒரு அணைக்கட்டுக்குப் போனோம். மூன்று மணி நேரம் ஓட்டம். ஜீப் ஓடும்போது அதன் ஆல்டர்னேட்டரிலிருந்து தடித்த ஒயர் வழியாகப் பெட்டி வண்டியின் பேட்டரிக்கு சார்ஜ் ஏற வேண்டும். ஏறியிருந்தால் மறுநாள் முழுக்க பிரிட்ஜ் தாங்கியிருக்க வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்கே பிரிட்ஜின் சிவப்பு விளக்கு மினுக்கியது. மீட்டரை வைத்துப் பார்த்தால் பதினொன்று புள்ளி நான்கு. பேட்டரி காலி. பிரிட்ஜுக்குள் இருந்த வெப்பமானி பத்தொன்பது டிகிரி காட்டியது. இன்சுலினை எடுத்து ஈரத்துணியில் சுற்றி மண் பானையில் வைத்தாள் அவள், பதட்டமே இல்லாமல். பதட்டம் முழுவதும் என்னிடம் இருந்தது.

எங்கள் மகள் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். போன் போட்டதும் ஐஸ் பெட்டியோடு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்தாள், ஊசி போட்டாள், சாப்பிட வைத்தாள். கிளம்பும்போதுதான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, இந்தப் பிரிட்ஜை நம்பி அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கடலுக்கெல்லாம் போக வேண்டாம். கார்ல ஒருநாள் நான் கூட்டிட்டுப் போறேன்."

"கார்ல போனா ஆறு தெரியாது சாமி. ரோடுதான் தெரியும்" என்றாள் என் மனைவி.

மகள் யோசித்தாள். என் மகள்தானே, அவளுக்கும் எண்கள்தான் பேசும். "சரி. மூணு நாள் வெளியில வெச்சு ஓட்டிக் காட்டுங்க. பிரிட்ஜுக்குள்ள எட்டு டிகிரியைத் தாண்டக்கூடாது. மூணு நாளும் எனக்கு போட்டோ அனுப்பணும். அப்பத்தான் போகலாம். இல்லேன்னா அம்மா வர மாட்டாங்க."

அம்மா வர மாட்டாள் என்று மகள் சொன்னதை அம்மா மறுக்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றினேன். ஒரு செல்லுக்கு ஒன்றாக ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சிப் பார்த்தேன். ஆறு செல்லிலும் ஒரே அளவு, ஒன்றுகூட தனியாகக் கெட்டுப்போகவில்லை. நம்பிக்கை வராமல் பேட்டரிக் கடைக்கு எடுத்துப் போனேன். முதல் வருடம் லாரி பேட்டரியை மாட்டி ஒரே கோடையில் சாகடித்தவன் நான். லாரி பேட்டரி ஒரு நொடி இன்ஜினை உதைத்துக் கிளப்பிவிட்டு ஓய்ந்துகொள்கிற ஜாதி. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க அதற்குப் பொறுமை கிடையாது. அப்புறம்தான் வீட்டு இன்வெர்ட்டரில் வைக்கிற உயரமான பேட்டரிக்கு மாறினேன். கடைக்காரருக்கு அந்தக் கதை தெரியும். அவர் இரண்டு கொம்பு மாதிரி இருக்கும் சோதனைக் கருவியைப் பேட்டரி மேல் வைத்து அழுத்தி, முள்ளைப் பார்த்து, எடுத்து வைத்தார்.

"பேட்டரிக்கு ஒண்ணுமில்லீங்ணா. உங்களுக்குத்தான் சார்ஜ் எறங்கிப்போச்சு."

வீட்டில் கரண்டில் சார்ஜ் போட்டால் நன்றாக ஏறியது. அப்படியானால் ஜீப் அனுப்புவதில் கோளாறு. ஜீப்பை ஓடவிட்டு அதன் பேட்டரியில் மீட்டரை வைத்தேன். பதினான்கு புள்ளி இரண்டு. குறையே இல்லை. ஜீப்பின் பின்பக்கம் சார்ஜ் ஒயர் வந்து முடிகிற சாக்கெட்டில் வைத்தேன். அங்கேயும் பதினான்கு புள்ளி ஒன்று. ஜீப் அனுப்புகிறது. பேட்டரி வாங்கத் தயாராக இருக்கிறது. நடுவில் யார் தின்கிறார்கள் என்று தெரியவில்லை. பியூஸை மாற்றினேன். பிரிட்ஜ் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தேன். நான்கு ஆம்பியர், எப்போதும் இழுப்பதுதான். ஃபேன், விளக்கு ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்த்தேன். ஒயரை அடி முதல் நுனி வரை தடவிப் பார்த்தேன், எலி கடித்திருக்குமோ என்று. எலி கடிக்கவில்லை.

தினமும் வண்டியை மாட்டி ஒரு சுற்றுப் போய் வந்து அளக்க ஆரம்பித்தேன். அவளும் கூடவே வருவாள், மடியில் மீட்டர் பெட்டியை வைத்துக்கொண்டு. இப்போது நினைத்தால் அந்தக் கார்த்திகை மார்கழி நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே நான் அவளோடு அதிகம் உட்கார்ந்திருந்த நாட்கள். கோளாறு மட்டும் உடனே கிடைத்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. அப்போது அதெல்லாம் தோன்றவில்லை. வழியெல்லாம் புலம்பிக்கொண்டுதான் போனேன். ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. நேரான பைபாஸில் சங்ககிரி வரை போய் வந்தால் சார்ஜ் ஏறுவதில்லை. ஊருக்குள் புகுந்து, சந்து பொந்து வளைந்து, மேடு பள்ளத்தில் குலுங்கி வந்தால் கொஞ்சம் ஏறுகிறது. பேட்டரிக் கடைக்காரரிடம் சொன்னேன்.

"அதுக்கு வளைஞ்சு வளைஞ்சு போற ரோடுதான் புடிக்குதாட்ட இருக்குதுங்ணா. ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். கடையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். ஐந்தாவதாக என் மனைவியும் சிரித்தாள்.

மார்கழி போய்விட்டது. பொங்கலுக்கு வண்டியைக் கழுவி நிறுத்தியபோது தை பிறந்துவிட்டதே என்று நாட்களை எண்ணினேன். அணையை மூட இன்னும் இரண்டு வாரம். எந்தப் பயணத்துக்கு முன்னும் ஒரு வழக்கம் உண்டு. நான் ஜீப்பில் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பேன், இண்டிகேட்டர் போடுவேன். அவள் பின்னால் நின்று விளக்கு எரிகிறதா என்று சத்தம் கொடுப்பாள். லாரி கிளீனர் மாதிரி, "ஆங்... ஆங்..." என்று. பயணம் நிச்சயமில்லை என்றாலும் அன்றைக்கும் அதைச் செய்தோம். பளிச்சென்று எரியும் விளக்கு அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பிரேக் எரியுதுங்க" என்றவள் கொஞ்சம் நிறுத்தினாள். "கூடவே இண்டிகேட்டரும் மங்கலா எரியுதுங்க. நீங்க போட்டீங்களா?"

நான் போடவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். அவளை உட்கார வைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். அவள் சொன்னது சரி. பிரேக் விளக்கு முழுதாக எரியாமல் சோம்பலாக எரிந்தது, பக்கத்தில் இண்டிகேட்டரும் மங்கலாகச் சேர்ந்து எரிந்தது. லாரிகளுக்கு நடுவே இத்தனை காலம் இருந்துவிட்டு இதற்கு அர்த்தம் தெரியாமல் இருக்க முடியாது. போன கரண்ட் திரும்பி வர வழி கிடைக்காமல் அடுத்த விளக்கு வழியாகப் புகுந்து வருகிறது. எர்த் சரியில்லை. நான் இத்தனை நாளும் கரண்ட் போகிற வழியைத்தான் பார்த்தேன். அது திரும்பி வருகிற வழியைப் பார்க்கவே இல்லை.

பெட்டி வண்டியின் அடியில் படுத்தேன். எர்த் ஒயர் இரும்புச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடுக்கியிருந்தது. லாரியை எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்கு விடுவதற்கு முன் அடிச்சட்டம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் அடிப்பது பட்டறையின் பழக்கம். கேட்காமலேயே என் வண்டிக்கும் அடித்திருந்தார்கள், போல்ட், ஒயர் நுனி எல்லாவற்றுக்கும் சேர்த்து. கண்டுபிடித்துவிட்டேன் என்று அடியில் படுத்தபடியே கத்தினேன். பெயிண்டைச் சுரண்டினேன், அரம் போட்டேன், இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்த்து முடுக்கினேன். முதுகெல்லாம் மண்ணோடு எழுந்து வந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன்.

இண்டிகேட்டர் அப்படியேதான் மங்கலாக எரிந்தது.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் ஜீப்பிலிருந்து இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவி வந்தாள். அப்படி நடக்க எப்போது ஆரம்பித்தாள் என்று நான் கவனித்திருக்கவில்லை.

"போதுங்க, விடுங்க. ஆறு எங்க போயிரப் போகுது" என்றாள்.

ஆறு எங்கேயும் போகாது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இதற்கு முன்னால் அவள் விட்டுக்கொடுத்ததெல்லாம் இந்தக் குரலில்தான். ஒருமுறை விட்டுவிட்டால் அதைப் பற்றித் திரும்பப் பேச மாட்டாள். "காப்பி வெச்சுக்கிட்டு வா" என்று மட்டும் சொன்னேன்.

அவள் உள்ளே போனதும் மீட்டரை எடுத்தேன். இதுவரை ஜீப்பை ஜீப்புக்குள்ளேயே அளந்திருந்தேன், பெட்டி வண்டியைப் பெட்டி வண்டிக்குள்ளேயே அளந்திருந்தேன். இரண்டுக்கும் நடுவில் அளக்கவில்லை. ஜீப்பை ஓடவிட்டு, பெட்டி வண்டியில் பிரிட்ஜ், ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஒரு முள்ளை ஜீப்பின் இரும்பிலும் இன்னொரு முள்ளைப் பெட்டி வண்டியின் இரும்பிலும் வைத்தேன். இரண்டும் எர்த். பூஜ்யம் காட்ட வேண்டும். ஒன்று புள்ளி ஒன்பது காட்டியது. கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் அந்த நடுவில் காணாமல் போகிறது. சும்மா இருக்கும்போது பதினான்கு காட்டி ஏமாற்றிய ஒயர், வேலை கொடுத்தால் திணறுகிறது. வளைவிலும் குலுக்கலிலும் சார்ஜ் ஏறியதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. கொக்கி அசைந்து இரும்போடு இரும்பு உரசும்போது அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் திரும்பியிருக்கிறது. நேர் ரோட்டில் கொக்கி அசையாது.

நடுவில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இரண்டு வண்டியையும் இணைக்கிற வட்டமான பிளக். ஜீப்புப் பக்கம் ஏழு ஓட்டை, பெட்டி வண்டிப் பக்கம் ஏழு முள். விளக்குக்கு, பிரேக்குக்கு, சார்ஜுக்கு, எர்த்துக்கு என்று ஒவ்வொன்று. பிளக்கைப் பிடுங்கி, ஜீப்பின் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். எர்த் ஓட்டைக்குள் பச்சை பூத்திருந்தது. அதற்கு மேல் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்து கல்லாக இருந்தது. ஊசியால் சுரண்டினேன். பொடியாக உதிர்ந்து உள்ளங்கையில் விழுந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கம் எந்த வண்டியும் பொட்டில்லாமல் நிற்காது. ரிக் லாரியின் கம்ப்ரெசரிலிருந்து ஸ்பேனர் வரை சந்தனமும் குங்குமமும் ஏறும். என் மனைவியும் ஸ்டியரிங், சக்கரம், ஸ்டவ், சுவிட்ச் என்று ஒன்று விடாமல் வைப்பாள். பேட்டரி முனையில் மட்டும் வைக்காதே, பச்சை பிடித்துவிடும் என்று முதல் வருடமே சொல்லியிருந்தேன். அவள் அதைத் தொடவில்லை. பேட்டரிக்குப் பதிலாக இந்தச் சாக்கெட்டுக்கு வைத்திருக்கிறாள், மூடியைத் தூக்கி, மோதிர விரலால், ஏழு ஓட்டைக்கும் ஏழு பொட்டு, வருடா வருடம். நானும் அதன்மேலேயே பிளக்கை அழுத்தி மாட்டியிருக்கிறேன், வருடா வருடம்.

அவள் காப்பியோடு வந்தாள். நான் கையை மூடிக்கொண்டேன்.

"என்னங்க கையில?"

"துரு" என்றேன்.

அவள் தம்ளரை நீட்டினாள். நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"சந்தன வாசம் அடிக்குதுங்களே."

சுரண்டியதில் உள்ளே மிச்சமிருந்த வாசனை கிளம்பியிருந்தது. நான் கையைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. அவள் விரலால் தொட்டு, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு சாக்கெட்டைத் தடவினாள். நான் விளக்கிச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வண்டியும் கையைப் புடிச்சுக்கற எடமாச்சேன்னு வெச்சேனுங்க" என்றாள் கடைசியில். "அப்ப பிரிட்ஜை நிறுத்துனது நாந்தானா?"

"நீ இல்ல. எர்த்."

"எர்த்துல வெச்சது யாரு?"

அவள் முகம் ஒரு மாதிரி போய், உதடு இறுகி, பிறகு அவளாலேயே அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "மகளுக்குச் சொல்லாதீங்க. கிளினிக்குல எல்லாரும் சிரிப்பாங்க" என்றாள். அன்றே நான் மகளுக்குச் சொல்லிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

உப்புத்தாள் கொண்டுவரலாம் என்று எழுந்தேன். உட்காருங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புளியைக் கரைத்துக்கொண்டு வந்தாள். பித்தளைக் குத்துவிளக்கு விளக்குகிற பக்குவம். பஞ்சைக் குச்சியில் சுற்றிப் புளித் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு ஓட்டையாகத் தேய்த்தாள், பிறகு ஒவ்வொரு முள்ளாக. பார்த்துச் செய்யவில்லை, விரலால் தடவித் தடவித்தான். பச்சை கரைந்து பித்தளை மஞ்சளாக வெளியே வந்தது. புளி தங்கினால் அதுவே அரிக்கும் என்று நான் டிஸ்டில்டு வாட்டர் விட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, உப்புத்தாள் போட்டு, வேஸ்லின் தடவி மாட்டினேன். ஜீப்பை ஓடவிட்டு இரண்டு இரும்புக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன்.

"எத்தனைங்க?"

"பூஜ்யம் புள்ளி ஒன்று."

"அது நல்லதுங்களா?"

"ரொம்ப நல்லது."

பிரேக்கை மிதித்தேன். "ஆங்!" என்றாள் பின்னாலிருந்து. "பிரேக் மட்டுந்தானுங்க!"

மூன்று நாள் வண்டியை மோகனூர்க் கரையில் நிறுத்தி, பகலில் கொஞ்சம் ஓட்டி, வெப்பமானியை போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். நான்கு, ஐந்து, ஐந்து, ஆறு, ஐந்து. மூன்றாம் நாள் மாலை போன் செய்தாள். "சரிங்கப்பா. போயிட்டு வாங்க" என்றாள். பிறகு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். இனிமேல் சந்தனத்தை எங்கே வைக்கப் போகிறாய் என்று கேட்டிருப்பாள் போல. "மூடிக்கு மேல வெச்சுக்கறேன் சாமி. சாமி கோவிச்சுக்காது. பேட்டரிதான் கோவிச்சுக்குது" என்று இவள் சொன்னது எனக்குக் கேட்டது.

அணையை மூட ஐந்து நாள் இருந்தபோது கிளம்பினோம். மாயனூரில் தண்ணீர் அகலமாக விரிந்து நின்றது. முக்கொம்பில் பிரிந்தது. கல்லணையில் இன்னும் பிரிந்தது. வீட்டுச் சொத்தைப் பங்கு போடுகிற மாதிரி இருக்குதே, கடலுக்கு என்னதான் மிச்சம் இருக்கும் என்று நான் கவலைப்பட ஆரம்பித்தேன். திருவையாற்றுக்கு அப்புறம் ஆறு வாய்க்கால் மாதிரி ஒடுங்கிவிட்டது. ஒவ்வொரு ஊரிலும் கரையில் நிறுத்தி அவள் இறங்கிப் போய்த் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்துவிட்டு வருவாள். நான் அதற்குள் பேட்டரியைப் பார்த்துவிடுவேன். பன்னிரண்டு புள்ளி ஏழு. எந்த ஊரிலும் பன்னிரண்டு புள்ளி நான்குக்குக் கீழே போகவில்லை. கும்பகோணத்தில் ஒருவர் இது என்ன ரத்த தானம் வாங்குகிற வண்டியா என்று கேட்டார். அவள் ஊட்டைப் பூட்டிப்போட்டு வந்த கதையைச் சொன்னாள். அந்த ஊர்க்காரருக்கு எங்கள் பேச்சு பாதிதான் புரிந்தது.

பூம்புகாரில் காலை வெயில் ஏறுவதற்குள் முகத்துவாரத்துக்கு நடந்து போனோம். மணலில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆறு என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் மோகனூரில் அக்கரை தெரிய மறுக்கிற காவிரி, இங்கே ஒரு சின்ன ஓடையாக மணலைக் கீறிக்கொண்டு போய்ச் சத்தமில்லாமல் கடலுக்குள் இறங்கியது. இதற்கா இவ்வளவு பாடு என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். அணையில் தண்ணீர் கம்மியாக விட்டிருப்பார்கள், வழியில் இத்தனை மதகு, இத்தனை வாய்க்கால் என்று நானாகவே சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன்.

"கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள்.

முந்தானையை நெற்றிக்கு மேல் பிடித்து வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தாள். இடது கண்ணை மூடி, வலது கண்ணால். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் பிரிட்ஜைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பினேன். என் தோளிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

"பிரிட்ஜ் ஓடுமுங்க. இங்க பாருங்க. நம்ம தண்ணி கலங்கலா இருக்குதா? கடல் தண்ணி வேற நெறமா இருக்குதா? ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு போகுது பாருங்க. நம்முளுது ரொம்ப தூரம் கலக்காமயே போகுது."

நான் பார்த்தேன். எனக்கு அலைதான் தெரிந்தது.

"தெரியுது" என்றேன்.

"பொய் சொல்றீங்க. நீங்க பார்க்கறது படகுங்க."

என் தாடையைப் பிடித்து, குழந்தை முகத்தைத் திருப்புகிற மாதிரி, இடது பக்கம் கொஞ்சம் திருப்பினாள். அப்போது தெரிந்தது. செம்மண் நிறத்தில் ஒரு பட்டை, பச்சைத் தண்ணீருக்குள் வளைந்து, அதோடு சேராமல் வெகு தூரம் போய்க்கொண்டிருந்தது.